முன்ஷி கூடாரத்துக்கு எதிரே வெந்த சோறு

சும்கியின் அப்பாவுக்கு மைனோவின் ஜோஹார்.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் சும்கியும் ஆடுகளும் சுகம்தானே? இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் சல்கு, இங்கே என்னோடு கல் உடைக்கிற பன்சுரியின் தம்பி. அவனை உட்காரவைத்துக் குழைய வடித்த சோறும் பருப்புத் தண்ணீரும் கொடுங்கள். வேறெதுவும் இப்போது அவன் வயிற்றில் தங்காது. மெலிந்து போயிருக்கிறானே என்று அவனிடம் கேட்காதீர்கள், அழுதுவிடுவான்.

பைஜுன் அண்ணன் போனில் உங்களிடம் பேசினாராம். நீங்கள் சொன்னதாக ஒரு செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது. அவர் உங்களுக்கு அண்ணன் முறை, என்னோடு நேராகப் பேசக்கூடாது. அதனால் மலையைப் பார்த்து நின்றுகொண்டு, பன்சுரியிடம் சொல்வதுபோல, கூட்டம் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னார்: "முன்ஷிகிட்ட கைகூப்பி மன்னிப்புக் கேட்டுட்டு, பேசாம வேலையப் பாக்கச் சொன்னான் ரசிக்." அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அவர் உங்களிடம் எதைச் சொன்னாரோ, எதை விட்டாரோ எனக்குத் தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன். படித்துவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

இந்த வருஷம் எங்கள் முகாம், சாலை வேலையில் உங்கள் கால் உடைந்த வளைவுக்கும் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் சீக்கிரமே தளதளவென்று கொதித்துவிடும், ஆனால் அரிசி வேகாது. உங்களுக்குத் தெரியாததா? அதனால்தான் நம் வீட்டுக் குக்கரைத் துணியில் சுற்றித் தும்காவிலிருந்து லடாக் வரை மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அதில்தான் எங்கள் கூடாரமே பிழைத்தது. காலையில் டீ, பிறகு சோறு, அதைக் கழுவிவிட்டுப் பருப்பு. மூடியைக் கழற்றிவிட்டால் கீரை வதக்கும் சட்டி. விடுமுறை நாளில் பனியை உருக்கித் தலைக்கு ஊற்றிக்கொள்ள வெந்நீர்.

கீழ் முகாமில் ஒரு குக்கர் வெடித்துவிட்டது. சீக்கிரம் வேகட்டும் என்று வெயிட்டின்மேல் கம்பியைக் கட்டியிருக்கிறார்கள். ஒருவனுக்கு முகமும் மார்பும் வெந்துபோயின. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அவனுக்காக நானும் வேண்டிக்கொண்டேன். ஆனால் மறுநாள், எங்கள் வேலைக்கும் கூலிக்கும் கணக்குப் பார்க்கிற முன்ஷி எல்லாக் குக்கர்களையும் வாங்கிக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டார். "உங்க நல்லதுக்குத்தான். யாராவது செத்தா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். அவருடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பதிலுக்குக் கொடுத்தது பெரிய அலுமினியத் தேக்சாக்கள்.

அந்தச் சோற்றை நீங்கள் பார்க்கவில்லையே! வெளியே கஞ்சி, உள்ளே மணல். மண்ணெண்ணெய் தீர்ந்தாலும் பருப்பு உடையாது. பன்சுரி சொன்னாள், "பகலெல்லாம் கல்லை உடைக்கிறோம், ராத்திரி அதையே திங்கிறோம்." முதலில் எல்லாரும் சிரித்தோம். அப்புறம் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் ஓடினோம். சிரிப்பு நின்றது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்றார் முன்ஷி.

இத்தனைக்கும் நடுவே மத்தியானமானால் முன்ஷியின் கூடாரத்திலிருந்து விசில் சத்தம் கேட்கும். அவருடைய குக்கரை மட்டும் யாரும் பூட்டவில்லை. நான் போய்க் கேட்டேன், "முன்ஷிஜி, உங்க குக்கர் வெடிக்காதா?" அவர் சிரித்துக்கொண்டே, "என் ஆளுக்கு விசில் எண்ணத் தெரியும். உங்களுக்கு?" என்றார். "இந்த ரோட்டு மைல்கல் எல்லாம் நாங்க நட்டதுதான். எண்ணத் தெரியாமயா நட்டோம்?" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் அதிகம் என்று பைஜுன் அண்ணன் சொல்லியிருப்பார். உண்மைதான்.

மறுநாள் காலை சல்கு ஜல்லிக் கூடையோடு சாலையில் விழுந்தான். வாயெல்லாம் நுரை. தண்ணீர் கொடுத்தால் அதையும் கக்கினான். பன்சுரி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

மண்வெட்டி எடுக்கக் கொட்டகையைத் திறந்திருந்தார்கள். நான் போய் நம் குக்கரை எடுத்தேன். நம்முடையது மட்டும். முன்ஷியின் கூடாரத்துக்கு நேர் எதிரே ஸ்டவ்வை வைத்தேன். ஆவி வரும் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன், கேஸ்கட்டைத் தடவிப் பார்த்தேன், அரிசியைப் போட்டு மூடினேன். முன்ஷி ஓடிவந்தார். "ஏ மைனோ! இறக்கு! வெடிச்சா என்ன பண்ணுவே?" என்று கத்தினார். நான் குக்கர் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "வெடிச்சா என் மூஞ்சிதான் முதல்ல போகும். உங்களுக்குப் பயமா இருந்தா தள்ளி நில்லுங்க." அவர் பைஜுன் அண்ணனைக் கூப்பிட்டார். உங்கள் அண்ணன் வந்தார், மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பயமில்லை என்று நினைக்காதீர்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்போது பன்சுரி சுத்தியலைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மற்றப் பெண்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. சாலையில் கல் உடைக்கும் சத்தம் நின்றுபோனது. லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றன. முதல் விசில் வந்தபோது ஆண்கள் தட்டோடு வந்துவிட்டார்கள். முதல் கரண்டி சல்குவுக்கு. நசுக்கினால் நசுங்கும் சோறு. அவன் வயிற்றில் அது தங்கியது.

அன்று மாலை கொட்டகையில் பூட்டு இல்லை. அவரவர் குக்கரை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். வெயிட்டில் கம்பி கட்டக்கூடாது என்று நாங்களே பேசிவைத்தோம்.

ஆனால் முன்ஷிக்கு மானம் போய்விட்டது. நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் அடுத்த வருஷம் நம் இருவர் பெயரும் வேலைக் கும்பலில் இருக்குமாம். நீங்கள் சொல்லி அனுப்பியது அந்தப் பயத்தில்தான் என்று எனக்குத் தெரியும். ஒன்று கேட்கிறேன். உங்கள் கால் உடைந்தபோது உங்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்? அந்தக் காலோடு உங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது எவனாவது கைகூப்பினானா? சோற்றை வேகவைத்ததற்கு நான் எதற்குக் கைகூப்ப வேண்டும்? இன்று நான் தலைகுனிந்தால் நாளைக்கே மறுபடி பூட்டுவார்கள்.

கேட்க மாட்டேன். முன்ஷியிடமும் சொல்லிவிட்டேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

அதற்கு அவர் என்னைத் தார் காய்ச்சும் வேலைக்கு மாற்றினார். புகையில் கண் எரிகிறது, இருமல் வருகிறது. இரண்டு நாள் தனியாகச் செய்தேன். மூன்றாம் நாள் போனால் பன்சுரி எனக்கு முன்பே தார்ப் பீப்பாய்ப் பக்கத்தில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு நிற்கிறாள். "உன் ஜல்லி அங்க கெடக்கு, போய் உடை" என்றாள். இப்போது நாங்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். முன்ஷி பார்க்கிறார், பார்க்காததுபோல் போகிறார்.

அடுத்த வருஷம் இங்கே வேலை இல்லையென்றால் வேறு சாலை. சாலை போடாத மலை எங்கே இருக்கிறது? சும்கியின் பள்ளியை மட்டும் நிறுத்தாதீர்கள். குளிரில் உங்கள் காலுக்குக் கடுகெண்ணெய் காய்ச்சித் தடவுங்கள். சோம்பேறித்தனம் வேண்டாம்.

பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள் இறங்கிவிடுவோம். சொஹ்ராய்ப் பண்டிகைக்குள் வந்துவிடுவேன். கிளம்பும்போது பன்சுரி மூலமாகப் பைஜுன் அண்ணனிடம் சொல்லி, போனில் உங்களுக்கு நாள் தெரிவிக்கச் செய்கிறேன். தும்கா பஸ் நிலையத்துக்கு நீங்கள் வரவேண்டும். கால் வலிக்கும், தெரியும். தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வாருங்கள். உங்கள் அண்ணனும் கும்பலும் என்னோடுதான் இறங்குவார்கள், அவர்கள் பார்க்கும்படி வந்து நில்லுங்கள். வராவிட்டாலும் வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும். ஆனாலும் வாருங்கள்.

உங்கள் உடம்பை நம் தெய்வம் மராங் புரு காக்கட்டும்.

மைனோ