தூக்கிப் பிடித்த போன்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் உன் மகளுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், கல்யாணத்தன்று என் அண்ணனை உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், அப்புறம் அழுவாய், நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது போய்விடும். காகிதம் என்றால் கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

குளியலறைக் குழாயை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றிவிட்டு வந்தான், வேலை முடிகிறவரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மாடி வீட்டு டீச்சர் என்னோடு பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை, காரணம் கீழே வரும். சிட்டு ஒழுங்காகக் காலேஜ் போகிறாள், வருகிறாள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் மகள் என்றைக்குத் தட்டைக் கழுவினாள்.

அந்த ராக் கச்சேரி விஷயம்தான். நீ காலேஜில் படிக்கும்போது இதே ஆட்கள் வந்தார்கள், நீ போகக் கேட்டாய், பொட்டப்புள்ள தனியா அந்தக் கூச்சலுக்கா என்று உன் அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார், நீ சாப்பிடாமல் குப்புறப் படுத்துக்கொண்டாய். அதை மனசில் வைத்துத்தானே, அவங்க திரும்ப வந்தா நாம ரெண்டு பேரும் போறோம்டி என்று இவளுக்கு வாக்குக் கொடுத்தாய். இயர்போனில் ஒரு முனை உன் காதிலும் மறுமுனை இவள் காதிலுமாக இருவரும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள், நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் கேட்காது. நீ வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு இவள் ஒற்றைக் காதில்தான் மாட்டுகிறாள், மற்றது சும்மா தொங்குகிறது. அவர்கள் வருவதாகத் தெரிந்ததும் இரண்டு டிக்கெட் எடுத்தாள். நீயும் லீவு போட்டாயிற்று என்றாய். பிறகு ஆஸ்பத்திரியில் உன்கூட இருக்கும் நர்ஸின் தங்கைக்குக் கல்யாணம் என்று அந்த லீவை அவளுக்கு விட்டுக்கொடுத்தாய். ஊருக்கெல்லாம் நல்லவள் நீ. அந்த நர்ஸ் நன்றாக இருக்கட்டும், ஆனால் அவள் பேச்சை என்னிடம் எடுக்காதே.

சிட்டு தனியாகப் போனாள். நான் தடுக்கவில்லை. டீச்சர் படியில் நின்றுகொண்டு, தனியாவா அனுப்புறீங்க, பெத்தவ கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க என்றாள். பெத்தவதான் டிக்கெட்டே எடுக்கச் சொன்னா, நீங்க போய் பரீட்சைப் பேப்பரத் திருத்துங்க என்றேன். பேச்சு நின்றது அதனால்தான். அங்கே வாசலில் டிக்கெட் பார்ப்பவர், இன்னொருத்தர் எங்கேம்மா என்று கேட்டிருக்கிறார். அம்மா பின்னாடி வர்றாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். டிரம் அடிக்கிற அடியில் நெஞ்செலும்பு அதிர்ந்ததாம், சுற்றிலும் எல்லாரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக் குதிக்க, இவள் போட்டுக்கொள்ளத் தோள் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம். உங்கள் இரண்டு பேருக்கும் உயிரான அந்தப் பாட்டு தொடங்கியதும் உனக்குப் போன் போட்டாள். நீ எடுத்தாய். எடுத்தது தெரிந்ததும், உனக்குக் கேட்கட்டும் என்று போனைத் தலைக்கு மேலே மேடைப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். பாட்டு முடிகிறவரை இறக்கவில்லை, கை மரத்துப்போய் இன்னொரு கையால் முட்டுக்கொடுத்தாளாம். அம்மா கேட்கிறாள் என்று நினைத்த தைரியத்தில் அப்போதுதான் அவளும் குதித்தாளாம். முடிந்ததும் காதில் வைத்து, கேட்டுச்சாம்மா என்றிருக்கிறாள். போன் செத்துக் கிடந்தது. நீ எடுத்த வேகத்திலேயே வைத்திருக்கிறாய்.

ராத்திரி நேரம் கழித்து வீடு வந்தாள். காது அடைத்துப்போயிருந்தது, தான் கத்துவது தனக்கே தெரியாமல் இதையெல்லாம் கத்திக் கத்திச் சொன்னாள். ரகசியமாக அழவேண்டியதைத் தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். மெதுவாப் பேசுடி என்றால் அதுவும் காதில் விழவில்லை. மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் நின்றுபோயிற்று, டீச்சர் கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அவளே, அம்மா வேலையா இருந்திருப்பா பாட்டி, வேணும்னு வச்சிருக்க மாட்டா, நீ எதுவும் சொல்லிடாத என்றாள். சொல்ல மாட்டேன் என்று நானும் வார்த்தை கொடுத்தேன். அன்றைக்கு அவள் உன் பக்கம்தான் இருந்தாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவள் என் முட்டியில் சாய்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நீ சிரித்துக்கொண்டே, உன் பேத்தி பாக்கெட்ல போனை வச்சுட்டு எங்கயோ ஆட்டம் போட்டிருக்காம்மா, கை பட்டு எனக்கு வந்துடுச்சு, ஒரே இரைச்சல், வச்சுட்டேன் என்றாய். எங்கயோ என்றாய். அது எந்த நாள் என்பதே உனக்கு ஞாபகத்தில் இல்லை. அவள் துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள், கதவை அடித்துக்கூடச் சாத்தவில்லை. படிப்பு முடிந்ததும் உன்னிடம் வருவதாக இருந்தவள், அங்க போய் யாரோட இருக்கறது பாட்டி, இங்கயே ஏதாவது வேலை பாத்துக்கறேன் என்கிறாள். கோபத்தில் சொன்னால் நான் பயப்பட மாட்டேன், கோபத்தோடு எத்தனை காலமும் உறவு வைத்துக்கொள்ளலாம், என்னைப் பார். இவளுக்குக் கோபமே இல்லை. யாரோ தெரிந்தவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி உன்னைப் பற்றிப் பேசுகிறாள். பெற்ற வயிறு எனக்கும் இருக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அவளுக்குக் கொடுத்த வார்த்தையை மீறி எழுதுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும். குளிருக்குக் காலுறை போடு, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. அவளுக்குப் புதுப் போன் அனுப்புகிறேன், சட்டை அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, ஸ்பீக்கரில் போடுகிறேன், அவள் பேச வரமாட்டாள், ஆனால் பக்கத்து அறையில்தான் இருப்பாள். அது எந்தப் பாட்டு என்று நான் கேட்டதற்கு, அம்மாவுக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாள். தெரிந்தால் அதைப் பாடு, குரல் எப்படி இருந்தாலும் பாடு. தெரியாவிட்டால் எந்தப் பாட்டு என்று அவளிடம் கேட்டுவிடாதே, என்னிடம் மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா