கடைசி வரிசைக்கு வராத தண்ணீர்

பிப்ரவரி 3
இன்றும் தக்காளிக்குத் தண்ணீர் கடைசி வரை போகவில்லை. பன்னிரண்டு முதல் நாலு வரை என் முறை. போன மாதம்கூட மூன்று மணிக்கே எல்லா வரிசையும் நனைந்துவிடும். இன்று நாலடித்தும் ஆறு வரிசை பாக்கி.

கிணறும் மோட்டாரும் பொது. குழாய் அக்கா நிலத்தைத் தாண்டித்தான் எனக்கு வர வேண்டும். அக்கா என்றால் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவர் வீட்டருகே ஒரு சிமென்ட் தொட்டி. அதற்குள் இரண்டு வால்வு. ஒன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு. திறப்பது, மூடுவது எல்லாம் அக்காதான்.

சந்தேகப்படவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 5
அவர்கள் பீன்ஸ் பச்சைப் பசேலென்று நிற்கிறது. என் தக்காளி இலை சுருள்கிறது.

பிப்ரவரி 6
கேட்டேவிட்டேன். “அக்கா, என் வால்வை முழுசா திறந்தீங்களா?”
“ஏன் கேக்கற?”
“சும்மாதான்.”
“முழுசாத்தான் திறந்தேன்.”
திறந்தவருக்கு ‘ஏன்’ எதற்கு? நேராகச் சொல்லியிருக்கலாமே.

பிப்ரவரி 8
முறை வந்ததும் நானே தொட்டிக்குள் இறங்கிப் பார்த்தேன். என் வால்வின் சக்கரம் அதற்கு மேல் சுற்றவில்லை. முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. அவர்களுடையதை உள்ளங்கை சிவக்க முறுக்கினேன். நன்றாக மூடியிருக்கிறது. நான் தலையைத் தூக்கியபோது ஜன்னலில் அக்கா. உடனே உள்ளே போய்விட்டார்.
நான் திரும்பிப் போனதும் திறப்பாரோ?

பிப்ரவரி 9
இவர் லாரியில் வெளியூர். போனில் சொன்னேன். “அண்ணி அப்படிப்பட்டவங்க இல்ல. நீ என்ன, வால்வுக்கே மாமியார் ஆயிட்டியா?” என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயலில் காய்வது என் உழைப்பு.

பிப்ரவரி 11
என் முறை நேரத்தில் அவர்கள் வால்வுச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்தார்.
“சாவி?”
“ரெண்டு இருக்கு. ரெண்டும் என்கிட்டதான்.”
பீன்ஸ் பக்கம் போய்விட்டார். கோபமாவது பட்டிருக்கலாம். குற்றமில்லாதவர் இப்படியா சும்மா இருப்பார்?

பிப்ரவரி 12
பூட்டியும் அதே கதை. ஏழு வரிசை காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் மண்ணுக்கடியில்தான் ஏதோ. குழாயில் எங்கோ திருட்டு இணைப்பு. வேறென்ன இருக்க முடியும்?

பிப்ரவரி 14
செய்துவிட்டேன். மண்வெட்டியோடு போய், குழாய் போகும் தடத்தில், அவர்கள் பீன்ஸ் வரிசைக்குள்ளேயே தோண்டினேன். செடி சாய்ந்தது. சாயட்டும் என்று தோண்டினேன். மூன்றடியில் குழாயைச் சுற்றி ஒரு கிளாம்ப், இறுக்கிய இரும்புப் பட்டை! “இதோ!” என்று கத்தியேவிட்டேன். கையால் மண்ணை வழித்துப் பார்த்தால் — பழைய கசிவுக்குப் போட்ட ஒட்டு. அதிலிருந்து எந்தக் குழாயும் பிரியவில்லை.
பெரியவர், அக்காவின் வீட்டுக்காரர், வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அக்காதான் பேசினார்.
“தோண்டு. இன்னும் தோண்டு. வீட்டுக்குள்ளயும் வந்து தோண்டிப் பாரு.”
சாய்ந்த செடிகளை எண்ணக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 15
காய்ச்சல் மாதிரி இருக்கிறது. காய்ச்சல் இல்லை.

பிப்ரவரி 17
குழாய் வேலை பார்க்கும் பிட்டரைக் கூட்டிவந்தேன். நானே தேடிப்பிடித்த ஆள், அவர்களுக்குத் தெரியாதவர். என் வால்வின் மூடியைக் கழற்றினார். தண்ணீரை மறிக்கிற தகடு, சக்கரத்தின் தண்டிலிருந்து கழன்று உள்ளே பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.
“சக்கரம் சுத்தும்மா, தகடு மேல வராது. வெளிய இருந்து பாத்தா முழுசா திறந்த மாதிரியே இருக்கும்.”
“யாராவது கழட்டி விட்டிருப்பாங்களா?”
கேட்டது நான்தான். அப்போதுகூட.
அவர் துருப்பிடித்த தண்டை என் கையில் வைத்தார். “துருதாம்மா கழட்டிச்சு.”

பிப்ரவரி 18
அக்காவைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே பெரியவர், “குளிக்கறா” என்றார். ஒரு மணி நேரம் கழித்துப் போனேன். அப்போதும் குளிக்கிறாராம்.
சங்கிலியை எடுத்துவந்துவிட்டேன்.

பிப்ரவரி 26
அவர்கள் கிணற்றிலிருந்து தனிக் குழாய் பதித்துவிட்டார்கள். பழைய குழாயில் அவர்கள் பக்கத்தை அறுத்து, மூடி வைத்து ஒட்டினார் அவர்கள் கூட்டிவந்த பிட்டர். பெரியவர் சொன்னார்: “இனிமே இந்தத் தொட்டி பூரா உனக்குத்தாம்மா. எங்களால ஒரு தொந்தரவும் வராது.”
குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மார்ச் 9
புது வால்வு. இரண்டரை மணிக்கே கடைசி வரிசை வரை ஈரம். தக்காளி பிழைத்துக்கொண்டது.

வரப்பில் அக்கா போனார். “அக்கா!” என்று கூப்பிட்டேன். நின்றார். திரும்பினார்.

“சொல்லுங்க” என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவருக்கு ‘நீ’தான். “ஒன்னுமில்லக்கா” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.