எந்தப் பல் என்று எனக்கா தெரியாது?

மார்ச் 4, செவ்வாய்

சங்கத்திலிருந்து போன். இருபத்திரண்டாம் தேதி பல் டாக்டர்கள் எல்லோரும் கூடும் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பை நானே வைத்துக்கொள்ளலாமாம். யோசிக்கவே இல்லை: 'நரம்பைக் கொல்லாமல் பல்லைக் காப்பது'. ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது எந்த மூலைக்கு?

அண்ணியிடம் சொன்னேன். எங்கள் கிளினிக்கில் இரண்டு நாற்காலி, ஒன்று அண்ணிக்கு, ஒன்று எனக்கு, நடுவில் ஒரு தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம். சொத்தை ஆழமாகப் போய் வலி விடாமல் இருந்தால் அண்ணி வேர் சிகிச்சைதான் செய்வார். உள்ளே இருக்கும் நரம்பை மொத்தமாக எடுத்துவிட்டு அடைப்பார். நான் கெட்டுப்போன நுனியை மட்டும் கிள்ளி எடுப்பேன். ரத்தம் நின்றால் அதன் மேல் இப்போது வந்திருக்கும் புதுவகை சிமெண்டை வைத்து மூடிவிடுவேன். மீதி நரம்பு உயிரோடு இருக்கும். நான் படித்த காலத்தில் இப்படிச் சொன்னால் பரீட்சையில் முட்டைதான். இப்போது ஆராய்ச்சி மேல் ஆராய்ச்சியாக வருகிறது. ஆனால் அண்ணி அசையவில்லை.

"வீடே பத்தி எரியுது, ஒரு ரூமை மட்டும் காப்பாத்துறேங்கற. எனக்கு அந்தத் தைரியம் கிடையாதும்மா" என்றார். கூட்டத்துக்கு மட்டும் கட்டாயம் வருகிறாராம்.

மார்ச் 9, ஞாயிறு

ஐஸ் தண்ணீர் குடித்தபோது இடது பக்கம் மேலே சுருக்கென்றது. ஒன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஒன்றுமில்லையா? இடது மேல் கடைவாய்ப் பல். அதில் ஒரு பழைய அடைப்பு இருக்கிறது, அதன் வேலைதான். காப்பி பட்டால் வலி வந்து உட்கார்ந்துகொள்கிறது, எழுந்து போக மனசே வருவதில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சமாளி என்பார்கள். இங்கே கடிக்கத்தானே முடியவில்லை!

அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நாற்காலியில் உட்கார வைப்பார். உட்கார்ந்தால் நரம்பு போச்சு. வேறு யாரிடமாவது போகலாமென்றால், இந்த ஊரில் எனக்குத் தெரியாத பல் டாக்டர் யார்? சாயங்காலத்துக்குள் சங்கம் முழுக்கப் பரவிவிடும். இருபத்திரண்டாம் தேதி கூட்டம் முடியட்டும்.

மார்ச் 17, திங்கள்

மாட்டிக்கொண்டேன். காட்டிக்கொடுத்தது அண்ணன். வீட்டில் இரண்டு பல் டாக்டர்கள் இருந்தும் ராத்திரி பல் தேய்க்கச் சோம்பல்படுகிற மனிதர், நான் வலது பக்கமாகவே மெல்வதை மட்டும் சரியாகக் கவனித்துவிட்டார். இவளுக்கு என்ன, ஒரு பக்கமாகவே அசை போடுகிறாள் என்று அவர் சொன்னதும் அண்ணி தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்படியே கிளினிக்குக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தார்.

படத்தைப் பார்த்து, சந்தேகமான இடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் நான் அடம்பிடித்து வாங்கியது. அது என் மேல் பல்லைச் சீண்டவே இல்லை. கீழ் வரிசையில், கடைவாய்ப் பல்லின் அடைப்புக்கு அடியில் கோடு போட்டிருந்தது. தப்பு என்றேன். வலிப்பது மேலே.

"நீ வாங்கின மிஷின்தானே?"

"மிஷினும் தப்பு பண்ணும் அண்ணி. எந்தப் பல்லுன்னு எனக்கா தெரியாது?"

அண்ணி வாதாடவில்லை. நாளைக் காலை முதல் நோயாளி நான்தான் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

மார்ச் 18, செவ்வாய்

மரத்துப்போகிற ஊசியை அண்ணி கீழ்த் தாடையில் மட்டும் போட்டார். மேலே தொடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கீழ் உதடு தடித்தது. மேல் பல்லில் இருந்த வலி — போய்விட்டது. துடைத்த மாதிரி.

கீழ்ப் பல்லின் வலி மேல் பல்லில் போய்க் காட்டும் என்று எத்தனை நோயாளிகளுக்குப் படம் வரைந்து விளக்கியிருப்பேன்! அவர்களும் எனக்கா தெரியாது என்றுதான் கேட்பார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது, சரி. தன் பல்லுமா தெரியாது? அண்ணி புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

அப்புறம் நான் சொன்னதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். "மொத்தமா எடுத்துடுங்க அண்ணி. வேர் சிகிச்சையே பண்ணிடுங்க. திரும்ப இந்த வலி வந்தா என்னால ஆகாது." நானேதான் சொன்னேன்.

அண்ணி கையுறையை மாட்டுவதை நிறுத்தினார். "ஊருக்குத்தான் உபதேசமா? உன் முறையிலதான் பண்ணப்போறேன். எப்படின்னு இப்பவே சொல்லிடு, அப்புறம் உன்னால பேச முடியாது."

சொன்னேன். சொத்தையை முழுக்க எடுக்கணும், நரம்பு நுனியைக் கொஞ்சமாகக் கிள்ளணும், மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து அழுத்தணும். ரத்தம் நின்றால் மீதி நரம்பு நல்ல நரம்பு, சிமெண்ட் வைக்கலாம். நிற்காவிட்டால் உங்கள் முறை. சொல்லி முடித்ததும், அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் ஷீட்டை மாட்டிவிட்டார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குப் பல் போகுமுன்னே சொல் போய்விட்டது.

பஞ்சை எடுத்துப் பார்த்து, இன்னும் வருது என்றார். திரும்ப வைத்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எல்லாப் பல்லும் இதில் பிழைக்காது என்று நானே ஒரு ஸ்லைடில் போட்டிருக்கிறேன். நிற்காவிட்டாலும் என் பேச்சு பொய்யாகிவிடாது. அதெல்லாம் தெரியும். ஆனால் எனக்கு அந்தப் பல் வேண்டும், முழுசாக, உயிரோடு வேண்டும் — நின்னுடு, நின்னுடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அண்ணி அதைத் துடைத்துவிட்டார்.

மறுபடி பஞ்சை எடுத்தார். வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நின்னுடுச்சு. சிவப்பா, உசிரோட இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "நான் இதைப் பார்த்ததே இல்லடி. பார்க்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடுவேன்."

மார்ச் 19, புதன்

வலி இல்லை. இடது பக்கம் மெல்லத் தைரியம் வரவில்லை.

மார்ச் 22, சனி

நன்றாகப் பேசினேன். தன்னடக்கத்துக்காகக் குறைத்து எழுதப் போவதில்லை, மிக நன்றாகவே பேசினேன். மைக் கரகரத்தபோதுகூட ஒருவரும் எழுந்து போகவில்லை.

கடைசியில், எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் எழுந்து, இதெல்லாம் சரி, உன் வாயில் செய்துகொள்வாயா என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. செய்துகொண்டுவிட்டேன், ஆனால் நாலு நாள்தான் ஆகிறது, ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள் என்றேன். சிரிப்பு அடங்கியது. செய்தது யார் என்று கேட்டார்கள். மூன்றாவது வரிசையைக் கை காட்டினேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு கைப்பையில் எதையோ தேடினார்.

எந்தப் பல் என்று நான் அடித்துச் சொன்ன கதையை மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மேடையில் கொட்ட வேண்டுமா என்ன?

செப்டம்பர் 23, செவ்வாய்

அண்ணி ஜில்லென்ற பஞ்சை அந்தப் பல்லில் வைத்தார். கூசியது. எடுத்ததும் கூச்சம் நின்றது. எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி ஒரு குறையும் இல்லை. நரம்பு உயிரோடு இருக்கிறது. அண்ணி படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தார். நான் பார்க்கவில்லை, எனக்குத்தான் கூசிவிட்டதே! பேராசிரியருக்குப் போன் செய்து சொன்னேன்.

அக்டோபர் 16, வியாழன்

மத்தியானம் என் நாற்காலியில் யாரும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு டிரைவர், வலியில் தாடையைப் பிடித்தபடி, நரம்பைப் பிடுங்கி எறியச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அண்ணி அவரிடம் பொறுமையாக, நுனியை மட்டும் எடுத்துப் பார்ப்போம், ரத்தம் நின்றால் பல் பிழைத்துக்கொள்ளும் என்றார். அவர் நம்பவில்லை. அதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டார்.

அண்ணி என்னைக் கூப்பிட்டார். போனேன். அந்த ஆள் பக்கத்தில் என்னை நிற்க வைத்து, என் வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு விளக்கைத் திருப்பி, "இதோ பாருங்க, இந்தப் பல்லுதான். நான்தான் பண்ணேன்" என்றார். டிரைவர் வலியை மறந்து எட்டிப் பார்த்தார். இவங்களும் டாக்டரா என்று கேட்டார்.

"டாக்டர்தான். பேசறது இவ, பண்றது நான்."

மறுத்துப் பேச வழியில்லை. அண்ணியின் கண்ணாடி இன்னும் என் வாய்க்குள்தான் இருந்தது.