நான் எழுதச் சொன்ன விலை

ஜூன் 10, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே புழுக்கம். நிலமெடுப்பு தாசில்தார் அலுவலகத்துக்கு (இனி தா.அ.) நான்காவது நடை. தீர்வத்தின் (நிலத்துக்கு இன்ன தொகை என்று முடிவு செய்த ஆணை) நகல் கிடைத்தது. ஜெராக்ஸ் மூன்று செட். குடையை அங்கேயே மறந்துவிட்டேன்.

இணைப்புச் சாலைக்கு எங்கள் தெருவில் பதினொரு மனை போகிறது. என் வீடு முழுவதும். மிஞ்சுவது பின்பக்கக் கிணற்றில் பாதி. பாதிக் கிணற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கும் மனு கொடுக்கச் சொன்னார்கள்.

பக்கத்து மனை பாஸ்கர், வெல்டிங் பட்டறை. அவன் மனை முன்பு என்னுடையதுதான். போன வருடம் மனைவி சரோஜாவின் இதய ஆபரேஷனுக்காகப் பாதியை அவனுக்கு விற்றேன். வேலி ஏறி நின்று கேட்டான்.

"இன்னா நைனா, எவ்ளோ போட்டுக்கீறானுங்க?"

சொன்னேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கேட்டான். திரும்பச் சொன்னேன்.

"நான் உன்னாண்ட குட்த்த துட்டுல பாதி கூட இல்லியே!"

பயப்படாதே, ஆறு வாரத்துக்குள் விலையை உயர்த்தக் கேட்டு மனு போடலாம், சட்டம் இருக்கிறது என்றேன். தொகை வாங்கும்போது கையெழுத்துக்கு மேலே "ஆட்சேபணையுடன்" என்று எழுத வேண்டும், எழுதாமல் வாங்கினால் பிறகு வாய் திறக்க முடியாது என்று இன்னொரு முறை சொன்னேன்.

"தெரியும் நைனா. நீ ரேசன் கடைல கூட ஆட்சேபணையோடதான் அரிசி வாங்குவ."

சிரித்தான். கேஸ் சிலிண்டர் ரசீதில் ஒரு முறை கைப்பழக்கத்தில் எழுதியது உண்மை. ரேஷன் கடையில் இல்லை.

ஜூன் 12, வியாழன்

மேகம். மழை இல்லை. ஷேர் ஆட்டோவில் கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு பையன் போனில்: "ரோடு வந்தா ஆபீஸ் இருபது நிமிஷம்டா. இந்தப் பக்கம் ஃபிளாட் வாங்கிடலாம்." என் வாசல் வழியாகத்தான் அந்த இருபது நிமிஷம்.

தா.அ.வில் குடை கிடைக்கவில்லை. விலையை எப்படி முடிவு செய்தார்கள் என்ற கணக்குத்தாள் கிடைத்தது. தகவல் உரிமை மனு போட்டு வாங்கியது. பஸ் ஸ்டாண்டில் நின்றே படித்தேன்.

முந்தைய மூன்று ஆண்டுப் பத்திரங்களைப் பார்த்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாம் வயல் பத்திரம், பொருந்தாது என்று தள்ளிவிட்டார்கள். தெருவில் நடந்த மனை விற்பனை ஒன்றே ஒன்று. அதையே பதினொரு மனைக்கும் அளவாக எடுத்திருக்கிறார்கள்.

விற்றவர் பெயர்: நான். வாங்கியவர்: பாஸ்கர்.

அந்தப் பத்திர எண் எனக்கு மனப்பாடம். இருந்தும் மூன்று முறை பார்த்தேன்.

பஸ் போய்விட்டது.

ஜூன் 13, வெள்ளி

தூக்கமில்லாததால் தலைவலி. பல் செட் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. சமையலறையில் இருந்தது.

எழுதி வைக்கிறேன். வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பத்திரப்பதிவு அன்று எழுத்தர் கேட்டார்: "எவ்ளோ போடட்டும்?" பாஸ்கர்தான் முதலில் சொன்னான்: "முழு வெலையும் போடுங்க, பேங்குல லோன் கேக்கணும்." நான் மறுத்தேன். அரசாங்க வழிகாட்டி மதிப்பு என்னவோ அதை மட்டும் போடு, மீதி ரொக்கமாகக் கொடு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றேன். முழு விலை எழுதினால் வருமான வரி கட்ட வேண்டும். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் சம்பளத்தில் பிடித்தார்கள், இதிலும் பிடிக்க விடமாட்டேன் என்றேன். எழுத்தர் சிரித்தார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

எழுதிய விலை சிறியது. அதற்கேற்ற சிறிய கடனைத்தான் பேங்க் கொடுத்தது. மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைத்தான் பாஸ்கர். அந்தப் பணத்தைச் சாப்பாட்டுக் கேரியர் பையில் கொண்டுவந்தான்.

ஆபரேஷனுக்காகச் செய்தேன் என்று இதுவரை எனக்கே சொல்லி வந்தேன். ஆபரேஷனுக்கு வேண்டியது வெள்ளையில் வந்த தொகையிலேயே இருந்தது.

ஜூன் 14, சனி

கன்னியம்மாள் முருங்கைக்கீரை கொண்டுவந்தார். தெருக்கோடி மனை. எழுதப் படிக்கத் தெரியாது. "ஆட்சேபணையுடன்" என்பதைக் கோலம் போல வரைந்து பழகியிருக்கிறார். பால் கணக்கு நோட்டில் பக்கம் பக்கமாகக் காட்டினார்.

"நீ இல்லாங்காட்டி நாங்க இன்னா பண்ணியிருப்போம்யா."

கீரையை வாங்கிக்கொண்டேன். 'ட்' மேல் புள்ளி விட்டுப் போயிருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

வக்கீல். அம்பத்தூர். மின்விசிறி என் பக்கம் திரும்பவே இல்லை.

கேட்க வேண்டியவை என்று எழுதிப்போனது:
1. பத்திர விலை பொய் என்று நிரூபிக்க வழி
2. ஆறுதல் தொகை
3. பாதிக் கிணறு

இரண்டாவதை முதலில் சொன்னார். கட்டாயமாக எடுப்பதால் மன ஆறுதலுக்கென்று நில விலைக்குச் சமமாக இன்னொரு பங்கு தருகிறது சட்டம். நில விலை குறைந்தால் ஆறுதலும் குறையும். எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

முதல் கேள்விக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பத்திரம் எழுதிக் கொடுத்தவரே வந்து பத்திரம் பொய்னு சொன்னா, கோர்ட் பத்திரத்தைத்தான் நம்பும் சார். வரி ஆபீஸ் உங்களை நம்பும்."

வேறு வழியே இல்லையா என்றேன்.

"பாஸ்கர்கிட்ட அடகு ரசீது இருக்கா? அதே வாரத் தேதியா? அதோட உங்க வாக்குமூலமும் சேந்தா மத்த பத்துப் பேருக்கு ஒரு நூல் கிடைக்கலாம். நிக்கும்னு சொல்லமாட்டேன். உங்க மனு அதோட செத்துடும். வயசான காலத்துல எதுக்கு சார்?"

மூன்றாவதைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

சரோஜாவிடம் சொன்னேன். மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே அந்தப் புள்ள கெஞ்சிச்சு. நான் படுக்கையில இருந்து சொன்னேன், அவன் கேக்கற மாதிரி எழுதிக் குடுங்கன்னு. எனக்குத் தெரியும் பேசாம இருன்னீங்க."

அப்படிச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

மாலை பாஸ்கரிடம் கணக்குத்தாளைக் கொடுத்தேன். உதடசைத்துப் படித்தான். பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. வெல்டிங் கம்பியைத் தரையில் போட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"இன்னா நைனா இது," என்றான். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "அடகு ரசீது பீரோல கீது. நக மூழ்கிப்போச்சு, ரசீது கீது."

இரவு அவன் வீட்டில் பாத்திரச் சத்தம் அதிகம்.

ஜூன் 19, வியாழன்

ஒரு தூறல். வாசல் தூணில் அளவைக்காரர்கள் போட்ட சிவப்பு வண்ண எண் நனைந்தும் அழியவில்லை. நல்ல பெயிண்ட்.

வாக்குமூலம் நானே எழுதினேன். வக்கீல் வேண்டாம். நான்கு முறை அடித்துத் திருத்தினேன். முதல் படியில் "அன்றைய சூழ்நிலையில்" என்று இருந்தது. எடுத்துவிட்டேன். இரண்டாவதில் "பலரும் செய்வதுபோல". அதையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது: உண்மை விலை இன்னது. பத்திர விலை பொய். குறைத்து எழுதச் சொன்னவன் நான். வாங்கியவர் முழு விலையும் எழுதக் கேட்டார், நான் மறுத்தேன்.

அரைப் பக்கம்கூட வரவில்லை. தா.அ.வுக்கு நான் எழுதிய மனுக்களில் இதுதான் சின்னது.

மகள் போன் செய்தாள். வரி நோட்டீஸ் வந்தால் என்ன செய்வாய் என்றாள். பதில் எழுதுவேன் என்றேன்.

தெருவில் சொல்ல வேண்டும். கன்னியம்மாளிடம் முதலில். நாளை.

ஜூன் 21, சனி

சொல்லவில்லை. நேற்று போனேன், வீடு பூட்டியிருந்தது. இன்று பூட்டியிருக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலையில் கன்னியம்மாளிடம் சொல்லிவிட்டேன். புரியும்படி இரண்டு தடவை. முகத்தைப் பார்க்காமல் முருங்கை ஒடித்துக்கொண்டே கேட்டார்: "அப்ப நான் எழுதப் பழகனது?" அது வேண்டும், அதை விடாதீர்கள் என்றேன். கீரை தரவில்லை.

பிறகு பூந்தமல்லி, நோட்டரி. பாஸ்கர் பைக்கில் கூட்டிப்போனான். பள்ளம் வந்தபோது மட்டும், "புட்சிக்கோ நைனா."

சின்ன அறை, நெருக்கமான கூட்டம். நோட்டரி வேகமாகப் படித்தார். "குறைத்து எழுதச் சொன்னவன் நான்" என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையெழுத்து போடும் இடத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். போட்டேன். முத்திரையை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"பெரியவரே, இது உங்க வாக்குமூலம். நீங்களே சொல்றது. இதுக்கு எதுக்கு ஆட்சேபணை?"

குனிந்து பார்த்தேன். கையெழுத்துக்கு மேலே, அழகாக, புள்ளி எதுவும் விடாமல் எழுதியிருந்தேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பாஸ்கர் சிரிக்கவில்லை. வேறு முத்திரைத்தாள் வாங்க அவன்தான் போனான்.