தரையோரத்து ஜன்னல்

பீர்க்கன்கரணை
4.1.2025

உங்களுக்கு,

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? போனில் என் பெயரைப் பார்த்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

பெருங்களத்தூரில் ரயிலேறிப் போய் உங்கள் கண்காட்சியைப் பார்த்தேன். ‘ஆரம்பகால வடிவமைப்புகளும் தாக்கங்களும்’ என்று அருங்காட்சியகத்தில் ஓர் அறையையே ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டு நான் கொடுத்த நம் வீட்டு வரைபடம்தான் முதலில் மாட்டியிருக்கிறது. பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது.

கீழே இருந்த குறிப்பைப் படிக்கும் வரைதான் அந்தப் பெருமை. ‘தரையோரத்து ஜன்னல்: ஜப்பானிய வீடுகளின் தாக்கம்.’ நல்ல ஜப்பான்! அப்போது நீங்கள் திருச்சியைத் தாண்டிப் போனதில்லை. “இன்னா சார், ஜன்னல தரையில வெச்சிகினு, பூனை பாக்கவா?” என்று கொத்தனார் குமரேசன் சிரித்தார். “என் பொண்ணு பாக்க” என்றீர்கள். எழுந்து உட்கார முடியாத குழந்தை, பாயில் படுத்தபடியே ஏரியைப் பார்க்கட்டும் என்று வைத்த ஜன்னல் அது. ஏழு வயதில் போய்ச் சேரும் வரை அவளுக்கு உலகமே அதுதான்.

இன்று நீங்கள் எங்கே எதைக் கட்டினாலும் அந்த ஜன்னல் இருக்கிறது. அவள் பெயர்தான் எங்கேயும் இல்லை. ஒரே ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். ‘மகள் சத்யபிரியாவுக்காக.’ வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

தீபலட்சுமி


மும்பை
15.1.2025

அன்புள்ள தீபா,

முன்பு ஒரு பேட்டியில் அந்த ஜன்னலைப் பற்றிக் கேட்டார்கள். ஜப்பான் என்று சொல்லிவிட்டேன். அதுவே நிலைத்துவிட்டது. அவள் பெயரைச் சொன்னால் அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடாது. உன்னோடு இருக்க முடியாமல் இங்கே ஓடி வந்ததும் அதனால்தான். நீ நம்பினால் நம்பு.

குறிப்பை மாற்றச் சொல்லிவிட்டேன். நிறைவு விழாவுக்குப் பிப்ரவரியில் சென்னை வருகிறேன். அந்த ஜன்னல் பக்கத்தில் ஒரு தரம் படுத்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வீட்டுக்கு வரட்டுமா?

சுகுமார்


பீர்க்கன்கரணை
2.2.2025

உங்களுக்கு,

கடிதம் வந்த அன்று வெகுநேரம் அழுதேன். பிறகு அந்த அறையைக் கழுவிவிட்டு, அவள் பாயை எடுத்து வெயிலில் போட்டேன். வாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் அவள் பெயரைக் கண்ணால் பார்த்துவிடலாமென்று நேற்று போனேன்.

மாற்றியிருக்கிறார்கள். ‘தரையோரத்து ஜன்னல்: படுத்த படுக்கையாக இருந்த ஒரு நோயாளியின் தேவைக்காக.’

அங்கே பொறுப்பில் இருக்கும் கீதாவிடம் கேட்டேன். “சார் சொன்ன வார்த்தைதான் மேடம், நாங்க எதையும் மாத்தல” என்றாள்.

நோயாளியாம். உங்கள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கியவள். குமரேசனிடம் சொல்ல முடிந்ததே உங்களால்!

பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதும் மார்க்கர் கைப்பையில் இருந்தது. வரைபடத்தை மூடியிருந்த கண்ணாடி மேலேயே பெரிதாக ‘சத்யபிரியா’ என்று எழுதினேன். காவலாளி ஓடி வந்தார்.

“இன்னாமா, கண்ணாடி மேல எழுதினுகீறே?”

“என் பொண்ணு பேருங்க. அவளுக்காக வெச்ச ஜன்னல் இது.”

துடைக்கத் துணியை எடுத்தவர் நின்றுவிட்டார். “பாப்பா இப்போ எங்கம்மா கீது?”

“இல்லைங்க.”

துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “நீ போம்மா. மூடச்சொல்லோ தொடச்சிக்கிறேன்.”

யாரோ ஒருவர். அவர் தயவில் நேற்று மூடும் வரை அவள் பெயர் அங்கே இருந்தது.

பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன். நீங்கள் வர வேண்டாம்.

சத்யபிரியாவின் அம்மா