தொட்டித் தண்ணீர் ஏன் கலங்கியது?

மங்கை,

கோரல் ஸ்வாப்புக்குக் கிளம்பிவிட்டேன். நம் மீன்தொட்டியில் போன வாரம் வெட்டி, இன்று இடுக்கியால் எடுத்த பவளத் துண்டுகளைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கி வர வேண்டும். ஆனால் எல்லாம் சுருங்கிக் கிடக்கின்றன. இதை எவன் வாங்குவான்?

உன்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் வியாழக்கிழமையிலிருந்து தொட்டித் தண்ணீர் கலங்கியிருக்கிறது. ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் வாங்கின வெல்லத்தில் பாதியைக் காணோம். நீ பாயசமும் வைக்கவில்லை. புதன்கிழமை உன் அம்மா, "மாப்பிள்ளை கை அரிப்பு போகணும்னா கோயில் குளத்துல வெல்லம் கரைக்கணும்டி" என்றார்கள். "ஹூஸ்டன்ல குளத்துக்கு எங்கம்மா போவேன்?" என்றாய் நீ. ஸ்பீக்கர் போனில் எனக்கும் கேட்டது.

ரசம் வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். ஏசி ரிப்பேர்க்காரர் வருவார். அவரையும் தொட்டிப் பக்கம் விடாதே. மீதி வெல்லத்தை நான் காரில் எடுத்துப் போகிறேன்.

சேது

பி.கு.: கை அரிப்பு நின்றுவிட்டது. உடனே உன் அம்மாவுக்குப் போன் போட்டுவிடாதே. தண்ணீர் கலங்கியதிலிருந்து நான் தொட்டிக்குள் கையே விடவில்லை.