அத்தானின் கால்சட்டையில் ஒரு படையல்

பறவைக் கிறுக்குப் பிடித்த என் அத்தானுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று உங்கள் பச்சைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். பட்டன் போடவில்லை, போட முடியவில்லை. சட்டையை இழுத்து மறைத்திருந்தேன். சீனப் பெருநாளுக்குப் பிறகு ஒரு காற்று அடிக்குமே, அது சும்மா விட்டதா? எதிரே வந்த பள்ளிப்பிள்ளைகள் பறவைகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நானும் அக்காவும் எதற்குப் போனோம் என்கிறீர்களா? உங்கள் பதினாறாம் நாளில், பெர்மாஸ் ஜெயாவில் உங்கள் வீட்டு மாடியில் வைத்த சோற்றை ஒரு காகமும் தொடவில்லை. "மனக்குறையோட போயிருக்காரு" என்று சாஆ ஊர்ப் பெரியம்மா வாட்சாப்பில் பரப்பிவிட்டார். அவருக்குப் பொழுது போனது. அக்காவுக்குத் தூக்கம் போனது. கடைசி ஞாயிறு காலை, "அந்தப் பறவைங்களோடயே குடும்பம் நடத்துங்க" என்று உங்களை வைதாளாமே? அன்று மாலையே நீங்கள் போய்விட்டீர்கள். "என்மேல கோபமாத்தான் போனாரா?" என்று வருசம் முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் வருசத் திதிக்குச் சோறு, வடை, பாயசம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு உங்கள் சதுப்பு நிலத்துக்கே கிளம்பிவிட்டாள். உயிரோடு இருக்கும்போதே வீடு தங்காதவர், இப்போது மட்டும் தங்குவாரா என்பது அவள் வாதம். டிரைவர் நான்.

வாசலில் மலாய்க்காரக் காவலர் தடுத்தார். பறவைகளுக்குத் தீனி போடக்கூடாதாம். அக்கா தன் சந்தை மலாயில் சொன்னதன் தமிழ் இதுதான்: "பறவைக்கு இல்ல. என் வீட்டுக்காரருக்கு."

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு என் முழங்காலைப் பார்த்தார். உங்கள் கால்சட்டையில் அக்கா தைத்த அந்த நீல ஒட்டு. "பாக் சிவாவோடதா?" என்று மலாய் மரியாதையோடு உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டவர், கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்ப்பதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார்.

மரப்பாலத்தின் கோடியில் இலையை விரித்தோம். காற்று அதைத் தூக்கியது. பறக்காமலிருக்க ஓரத்தில் என் செருப்பை வைத்தேன்.

"அவருக்குச் செருப்பாடா வைக்கிற?"

எடுத்துவிட்டு, சிப்பிகளை வைத்தேன். தூரச் சேற்றில் உங்கள் உள்ளான் பறவைகள் வடக்கே கிளம்பத் தயாராக நின்றன. காகம் ஒன்றுகூட இல்லை. அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக உங்கள் பைனாகுலரை எடுத்துக் காகம் தேடினாள், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

வந்தது நாரை. என் இடுப்பைத் தாண்டிய உயரம், மொட்டைத் தலை, பிடரியில் நாலு முடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்ட மாதிரி ஒரு நடை. நாங்கள் பின்வாங்கி நின்றோம். இலையில் குனிந்து எதையோ கவ்வியது, விழுங்கியது, நன்றிகூடச் சொல்லாமல் போனது.

"நடையைப் பாருடா. அவரேதான்," என்றாள் அக்கா. பிறகு அதன் முதுகைப் பார்த்து, மெல்ல, "சாப்ட்டீங்களா?"

நீங்கள்தானா அத்தான்? எனக்கென்ன தெரியும்? திரும்பும் வழியில் அக்கா காரில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பெரியம்மாவுக்கு உடனே தகவல் போய்விட்டது. இன்றைக்கு சாஆ ஊர் முழுக்க நீங்கள் நாரை.

அடுத்த வருசமும் அவளைக் கூட்டிவருகிறேன், இது சத்தியம். அதற்குள் இந்தப் பட்டனையும் போட்டுக் காட்டுகிறேன். அக்கா பைனாகுலரில் மூழ்கியிருக்கும்போது, இந்தத் தடவை செய்த மாதிரியே, என் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்திலிருந்து ஒரு பொரித்த கெம்போங் மீனையும் இலையில் வைத்துவிடுவேன். மீன் வாடைக்கே எழுந்து போகிற சைவர் நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். அது தின்றது மீனைத்தான். உங்கள் வடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் கால்சட்டைக்குள் இன்னும் அடங்காத மச்சினன்,
ராமு